நின்றுகொண்டு தைக்கும்போது எங்கே வலிக்கிறது, எதை மாற்ற வேண்டும்?

உட்கார்ந்து தைத்தால் இடுப்பு பிடிக்கிறது, மெஷினை உயரத்தில் வைத்து நின்றபடி தைக்கலாம் என்று முடிவெடுப்பவர்கள் பெரும்பாலும் மேசையை மட்டும்தான் உயர்த்துகிறார்கள். கொஞ்ச நாள் சுகமாக இருக்கும். அப்புறம் தோள் வலிக்கும், இல்லை குதிகால் வலிக்கும், இல்லை கழுத்துப் பட்டி கோணலாகப் போகும், கடைசியில் "நமக்கு இது ஒத்துவராது" என்று மெஷின் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். நல்லா அமைத்தால் ஒத்துவரும். இதில் இருக்கும் சிக்கல் என்னவென்றால் வலி ஓரிடத்தில் வரும், காரணம் வேறிடத்தில் இருக்கும். கழுத்து வலிக்கு விளக்கு காரணமாக இருக்கலாம், இடுப்பு வலிக்கு கீழே கிடக்கும் பெடல் காரணமாக இருக்கலாம். அதனால் உங்களுக்கு என்ன தொல்லையோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்ப் பாருங்கள்.

அதற்கு முன் ஒரே ஒரு அளவு எடுத்துக்கொள்ளுங்கள், கீழே எல்லா இடத்திலும் இது வரும். நீங்கள் எப்படி நின்று தைப்பீர்களோ அப்படியே, செருப்பு போட்டுத் தைப்பவர் என்றால் செருப்போடு, தோளைத் தளர்த்தி நின்று முழங்கையை மடக்கிக் கையைத் தரைக்கு இணையாக நீட்டுங்கள். தரையிலிருந்து முழங்கை வரை வேறு யாரையாவது டேப் பிடிக்கச் சொல்லுங்கள், நீங்களே குனிந்து பிடித்தால் அளவு தப்பிவிடும். ஐந்தடி ஒரு அங்குலம் இருப்பவருக்கு ஏறத்தாழ 38 அங்குலம் வரும். ஊசி இறங்கும் தகடு இதைவிட ஒன்று அல்லது இரண்டு அங்குலம் கீழே இருக்க வேண்டும்.

தகடு என்றுதான் சொல்கிறேன், மேசைப் பலகை என்று சொல்லவில்லை. போர்ட்டபிள் மெஷினை மேசைமேல் வைத்தால் தகடு மூன்று நான்கு அங்குலம் மேலே ஏறிவிடும், அதனால் இவருக்கு 33 அங்குல மேசையே போதும். பலகைக்குள் தலை பதிந்திருக்கும் பவர் மெஷின் என்றால் பலகையே 36 அங்குலத்துக்கு வர வேண்டும். மேசை உயரத்தைக் கடையில் கேட்டு வாங்கிவிட்டு மெஷினின் உயரத்தை அதன்மேல் கூட்ட மறந்துபோவதுதான் பாதித் தொல்லைக்கு வேர்.

33 அங்குலம் என்பது நம் வீடுகளில் சமையல் மேடை இருக்கும் உயரத்தை ஒட்டியே வரும். கார்பென்டரைக் கூப்பிட்டுப் பிளைவுட்டுக்குப் பணம் கொடுக்கும் முன் மெஷினைச் சமையல் மேடையில் வைத்து ஒரு லைனிங் ஜாக்கெட்டாவது முழுசாகத் தைத்துப் பாருங்கள். ஈரம் படாத பக்கமாக, குழாயை விட்டுத் தள்ளி. உங்களுக்கு எத்தனை அங்குலம் ஏற வேண்டும், இறங்க வேண்டும் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

கால் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு காலாலும் மிதித்து ஓட்டும் மெஷினை நின்று ஓட்ட முடியாது, ஒற்றைக் காலில் முயலவும் வேண்டாம். தலையைக் கழற்றி மரப் பெட்டியில் பொருத்தி மோட்டார் வைத்துக்கொண்டால் உயர மேசைக்குக் கொண்டுபோகலாம். பழைய கறுப்புத் தலைகள் இதற்கு நன்றாகவே ஒத்துழைக்கும்.

தோளும் பிடரியும் இறுகுகின்றன

மேசை உயரம். வேறு எதையும் சந்தேகப்பட வேண்டாம். நீங்கள் நீளமான ஒரு தையல் ஓட்டும்போது பக்கவாட்டில் இருந்து ஒரு வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். தோள் காதை நோக்கி ஏறியிருந்தால், முழங்கை உடம்பை விட்டு விரிந்திருந்தால், தகடு முழங்கைக்கு மேலே போய்விட்டது என்று அர்த்தம்.

மேசைக் காலை உடனே அறுத்துவிடாதீர்கள். ஓர் அங்குலத் தடிப் பலகையைப் போட்டு அதன்மேல் நின்று சில நாள் தையுங்கள். பெடலும் அதே பலகையில்தான் இருக்க வேண்டும், நீங்கள் மேலே, பெடல் கீழே என்று இருந்தால் வேறொரு வலி வந்து சேரும். பலகை ஒத்துவந்தால் அதை நிரந்தரமாக விட்டாலும் தப்பில்லை, ஆனால் பின்னால் ஓர் அடியாவது தாராளமாக நீண்டிருக்க வேண்டும், தைக்கும் நினைப்பில் பின்வாங்கி விளிம்பில் கால் வைத்து விழுபவர்கள் உண்டு.

கழுத்து மட்டும் வலிக்கிறது, தோளுக்கு ஒன்றுமில்லை

இங்கேதான் பலர் மேசையை இன்னும் உயர்த்தி, கழுத்து வலியைக் கொடுத்துத் தோள் வலியை வாங்கிக்கொள்கிறார்கள். கைக்கு மேசை சரியாக இருந்தும் தலை குனிகிறது என்றால் பிரச்சினை கண்ணுக்குத்தான். உட்கார்ந்திருக்கும்போது ஊசிக்கும் கண்ணுக்கும் இருந்த தூரம் நின்றதும் கூடிவிடுகிறது, பார்வையும் முன்னிருந்து விழாமல் மேலிருந்து விழுகிறது, மெஷினின் தலையே ஊசியைப் பாதி மறைக்கிறது, நாம் எட்டிப் பார்க்கக் கழுத்தை வளைக்கிறோம்.

முதலில் வெளிச்சம். டியூப் லைட் உங்கள் முதுகுக்குப் பின்னாலோ உச்சிக்கு மேலோ இருந்தால் உங்கள் தலையின் நிழல்தான் ஊசிமேல் விழும். வளைக்கக்கூடிய சின்ன எல்இடி விளக்குகள், அடியில் காந்தம் வைத்து மெஷினில் ஒட்டிக்கொள்வது, தையல் சாமான் கடைகளில் கிடைக்கும். அதை ஊசிக்கு இடப்பக்கம் முன்னால் வருகிற மாதிரி வளைத்து விடுங்கள். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் போட்டுப் பாருங்கள், குனியாமல் தெரிந்தால் விளக்கு சரி.

அடுத்து சாய்வு. போர்ட்டபிள் மெஷினின் பின்பக்கக் கால்களுக்கு அடியில் கெட்டியான ரப்பர் துண்டு வைத்து மெஷினை உங்கள் பக்கமாக லேசாகச் சாயுங்கள். அரை அங்குலம் முக்கால் அங்குலம் போதும், ஊசி இருக்கும் இடம் சட்டென்று கண்ணுக்குத் திறந்துகொள்ளும். முன்னால் நழுவாமல் இருக்க அடியில் ரப்பர் மேட் கட்டாயம். அடியில் எண்ணெய் நிற்கும் பவர் மெஷினை இப்படிச் சாய்க்காதீர்கள்.

இதெல்லாம் செய்தும் கழுத்து வலித்தால் கண்ணாடியைப் பாருங்கள். இரண்டு பார்வை கொண்ட கண்ணாடியில் கிட்டப் பார்க்கும் பகுதி கீழே இருக்கிறது, அதுவும் புத்தகம் படிக்கும் தூரத்துக்குத் தயாரானது. நின்று தைக்கும்போது ஊசி அந்தத் தூரத்தில் இல்லை. கண்ணிலிருந்து ஊசி வரை டேப் பிடித்து அந்த அளவைக் கண் பரிசோதிப்பவரிடம் சொல்லித் தையலுக்கென்று ஒரு கண்ணாடி போட்டுக்கொண்டால் கழுத்துக்குப் பெரிய விடுதலை. செலவுதான், ஆனால் தைலத்துக்கும் மாத்திரைக்கும் போகிற காசு இது.

ஒரு பக்க இடுப்பு வலிக்கிறது, அல்லது ஒரு முழங்கால்

எந்தப் பக்கம் என்று பாருங்கள். வலது காலால் பெடல் மிதிப்பவருக்குப் பெரும்பாலும் இடது பக்கம்தான் முதலில் சொல்லும். நின்று தைக்கும் இடம் அமைப்பதில் மிக முக்கியமான விஷயம் இதுதான், இதைச் சரி செய்யாமல் மீதி எதைச் செய்தாலும் பயனில்லை.

உட்கார்ந்திருக்கும்போது உடம்பின் பாரம் நாற்காலியில் இருக்கிறது, பெடல்மேல் கால் சும்மா கிடக்கிறது. நிற்கும்போது பெடல் இரண்டு மூன்று அங்குலம் உயரத்தில் இருக்கிறது, அந்தக் காலைத் தூக்கி வைத்ததும் மொத்தப் பாரமும் மற்றக் காலுக்குப் போய்விடுகிறது. இடுப்பு ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி நிற்கிறது. ஒரு மணி நேரம் இப்படி நின்றால் யாருக்கும் வலிக்கும்.

பெடல் தரையோடு தரையாக இருக்க வேண்டும். தரையைத் தோண்ட முடியாது, அதனால் தரையை உயர்த்துங்கள். பெடலின் முன்பக்க உயரத்துக்குப் பலகை அடுக்கி, அதில் பெடல் உட்காரும் அளவுக்கு ஒரு பள்ளம் வெட்டச் சொல்லுங்கள். இப்போது குதிகால் பலகையில் இருக்கும், விரல்கள் மட்டும் பெடலில் இருக்கும், இரண்டு காலும் ஒரே மட்டத்தில் நிற்கும். இந்தப் பலகையின் உயரத்தை மேசைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், இரண்டு அங்குலப் பலகை என்றால் மேசையும் இரண்டு அங்குலம் ஏற வேண்டும்.

பள்ளத்தை பெடலைவிட அகலமாக வெட்டினால் பெடலை நடுவில் வைத்து இரண்டு காலையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். இடது காலால் மிதிக்க முதலில் கை வராது என்பார்களே, அப்படித்தான் இருக்கும், நேரான தையல்களை மட்டும் இடது காலுக்குக் கொடுத்துப் பழகுங்கள். கழுத்து வளைவு, பைப்பிங் எல்லாம் வலது காலுக்கே இருக்கட்டும்.

பெடலே வேண்டாம் என்கிற வழியும் உண்டு. கம்ப்யூட்டர் மெஷின்கள் பலவற்றில் பெடலைக் கழற்றிவிட்டு, ஓட்ட ஒரு பட்டன், வேகத்துக்கு ஒரு ஸ்லைடர் வைத்துத் தைக்கலாம். புதிதாக மெஷின் வாங்கப் போகிறவர், நின்றுதான் தைப்பேன் என்று உறுதியாக இருப்பவர், எத்தனை டிசைன் தையல் இருக்கிறது என்று பார்ப்பதைவிட இந்தப் பட்டன் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

தையல் சீராக இல்லை, மெஷின் திடீரென்று பாய்கிறது

இதுவும் பெடல் வழக்குதான். உட்கார்ந்து மிதிக்கும்போது கணுக்கால் மட்டும் அசைகிறது, நிற்கும்போது உடம்பே சாய்ந்து பெடல்மேல் இறங்குகிறது. மேலே சொன்ன பள்ளப் பலகை போட்டு, குதிகால் ஊன்றியதும் பாதி சரியாகிவிடும். மீதிக்கு வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள். ஸ்லைடர் இருந்தால் பாதிக்குக் கீழே. மிதிக்கும்போது மட்டும் சுழலும் சர்வோ மோட்டார் என்றால் உச்ச வேகத்தைக் குறைத்து வைக்கலாம். ஸ்விட்ச் போட்டதும் ஓயாமல் சுழலும் பழைய கிளட்ச் மோட்டாரை நின்றபடி நிதானமாக ஓட்டுவது மிகக் கஷ்டம், அதைப் பழகுவதில் நேரம் செலவழிப்பதைவிட சர்வோவுக்கு மாற்றிவிடுங்கள் என்பதுதான் என் கருத்து, மின்சாரமும் மிச்சமாகும்.

பெடல் நகர்ந்து நகர்ந்து போகிறது என்றால் அடியில் ரப்பர் மேட் அல்லது வெல்க்ரோ.

மிதித்தும் ஓடவில்லை, மிதிக்காமலே ஓடுகிறது, பாதியில் நூல் வெட்டுகிறது

மூன்றும் பவர் மெஷினை உயர்த்தியவர்களுக்கு வருவது. பெடல் பெரும்பாலும் ஸ்டாண்டோடு சேர்ந்து இருக்கும், அதனால் ஸ்டாண்டுக்கு அடியில் ஆறு அங்குலம் கட்டை கொடுத்தால் பெடலும் ஆறு அங்குலம் ஏறி அந்தரத்தில் நிற்கும். அதைக் கழற்றித் தரைக்குக் கொண்டுவந்தால் மோட்டாருக்குப் போகிற இரும்புக் கம்பி எட்டாது. கம்பியில் இருக்கும் திருகைத் தளர்த்தி நீட்டிப் பாருங்கள், போதாவிட்டால் மெக்கானிக்கிடம் நீளமான கம்பி போடச் சொல்லுங்கள். இழுத்துக் கட்டிவிட்டால் மிதிக்காமலே ஓடும், தொய்வாக விட்டால் மிதித்தாலும் ஓடாது. வேலையை ஆரம்பிக்கும் முன் ஸ்விட்சை அணைத்து ப்ளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

நூல் தானாக வெட்டும் மெஷின்களில் குதிகாலால் பின்னுக்கு அழுத்தினால் வெட்டும். நின்றால் பாரம் குதிகாலில்தான் விழுகிறது, அதனால் நீங்கள் கேட்காமலே வெட்டிவிடும். மெஷினின் செட்டிங்கில் இந்த வசதியை அணைத்துவிட்டு, வெட்டுவதைப் பட்டனுக்கோ கத்தரிக்கோ விட்டுவிடுங்கள். நின்று தைப்பதற்கென்றே வரும் பெடல்களும் இருக்கின்றன, ஓட்ட ஒன்று, துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டைத் தூக்க ஒன்று, வெட்ட ஒன்று என்று தனித்தனியாக. மோட்டாரை இயக்கும் எல்லா கன்ட்ரோல் பாக்ஸுக்கும் இவை பொருந்தாது, மாடலைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

போர்ட்டபிள்காரர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிற்பவர் கால் மாற்றும்போது தெரியாமல் பெடலை மிதிப்பது மிகச் சாதாரணமாக நடக்கும், அந்த நேரம் விரல் ஊசிக்குக் கீழே நூல் கோத்துக்கொண்டிருக்கும். ஊசி மாற்றும்போதும் நூல் கோக்கும்போதும் மெஷின் ஸ்விட்சை அணைப்பதைக் கைப்பழக்கமாக்குங்கள். பிளக் பாயின்ட் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருந்தால் இந்தப் பழக்கம் நிலைக்கும், காலுக்கடியில் எக்ஸ்டென்ஷன் போர்டு கிடந்தால் நிலைக்காது.

மேசை ஆடுகிறது

உயரம் கூடினால் ஆட்டமும் கூடும், அதுவும் மெஷின் வேகமெடுத்ததும் மேல்பகுதி தனியாக நடுங்கும். செங்கல் அடுக்கி அதன்மேல் மேசைக் காலை வைக்காதீர்கள், நடுக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து ஒரு நாள் சரியும். கால் உட்காரும் குழியோடு மரக்கட்டை செய்யலாம், இரும்பு மேசை என்றால் வெல்டிங் பட்டறையில் பைப் சேர்த்து நீட்டலாம். பின்பக்கக் கால்கள் இரண்டுக்கும் குறுக்கே எக்ஸ் மாதிரி ஒரு பட்டை அடித்தால் பாதி ஆட்டம் நிற்கும், சுவரில் எல் கிளாம்ப் போட்டால் மீதியும் நிற்கும். வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க முடியாதவர்கள் மேசையின் கீழ்த்தட்டில் கனமான சாமானை வைக்கலாம். ஆனால் அந்தத் தட்டு முன்பக்கம் வரை வரக்கூடாது, பாதம் நுழைய நான்கைந்து அங்குலம் விட்டிருக்க வேண்டும். பாதம் முட்டினால் நீங்கள் எட்டி நின்று இடுப்பை முன்னால் வளைப்பீர்கள். சமையல் மேடையில் சோதிக்கும்போதும் கீழே அலமாரிக் கதவு பாதத்தைத் தடுக்கிறதா என்று பாருங்கள்.

தையல் கோணலாகிறது, ஊசி உடைகிறது

நூல், டென்ஷன், பாபின் எல்லாம் பார்த்துவிட்டீர்கள், உட்கார்ந்து தைத்தபோது இந்தத் தொல்லை இல்லை என்றால் துணி தொங்குவதைப் பாருங்கள். முன்பு மடியில் கிடந்த துணி இப்போது மூன்றடி உயரத்தில் இருந்து தரைக்குத் தொங்குகிறது. பட்டுப்பாவாடை, கவுன், ஃபால்ஸ் அடிக்கும் சேலை, இவற்றின் முழு எடையும் ஊசியைப் பிடித்து இழுக்கிறது. தகட்டுக்கு அடியிலிருந்து துணியை நகர்த்தும் பல் அதைத் தள்ள முடியாமல் தையல் சின்னதாகிறது, ஊசி வளைந்து தகட்டில் இடிக்கிறது.

மெஷினுக்கு இடப்பக்கமும் பின்பக்கமும் துணி தங்க இடம் வேண்டும், மேசை உயரத்துக்கே, முடிந்தால் தகடு உயரத்துக்கே. தனி மேசை வாங்க வேண்டியதில்லை. உயரம் மாற்றும் அயர்ன் போர்டு இருந்தால் அதை இடப்பக்கம் எல் வடிவில் நிறுத்திப் பாருங்கள், சேலை ஃபால்ஸுக்கு அதைவிட வசதி கிடையாது, தைத்து முடித்ததும் அங்கேயே தேய்த்தும் விடலாம்.

முட்டியால் ஃபுட்டைத் தூக்கும் வசதி நின்றால் உதவாது, முட்டி நேராக இருப்பதால் தள்ளுவதற்கு இடம் இல்லை. கழற்றி வைத்துவிட்டுக் கை லீவரைப் பயன்படுத்துங்கள்.

குதிகாலும் கெண்டைக்காலும்

டைல்ஸ், மொசைக், கிரானைட் தரையில் வெறுங்காலோடு நிற்பதுதான் முதல் காரணம். குழந்தைகள் விளையாட விரிக்கும் கோத்து இணைக்கும் ஃபோம் மேட், முக்கால் அங்குலத் தடிமன் வரை போதும், விரித்துக்கொள்ளுங்கள். மெத்தை மாதிரி அமுங்கும் மேட் வேண்டாம், அதில் கால் நிலைகொள்ள ஓயாமல் உழைக்கும். பெடல் பலகைக்கு மேலும் இதே மேட்டை வெட்டி ஒட்டலாம். வீட்டுக்குள் போட ஒரு மெத்தென்ற செருப்பு வைத்துக்கொள்வதும் நல்லது, முழங்கை அளவை அதோடு மீண்டும் எடுங்கள். பக்கத்தில் அரையடிக்குள் உயரமுள்ள ஒரு மணை போட்டு, தைக்காத நேரத்தில் ஒரு காலை அதில் ஏற்றி வையுங்கள்.

இரண்டாவது காரணம் நேரம். 1978இல் ஜப்பானின் ஐசின் செய்கி நிறுவனத்தில் உருவான டொயோட்டா தையல் முறையில் தொழிலாளர்கள் நின்றுதான் தைக்கிறார்கள், ஆனால் ஒரே மெஷின் முன்னால் நிற்பதில்லை, ஒரு மெஷினிலிருந்து அடுத்ததுக்கு நடந்துகொண்டே இருக்கிறார்கள். அசையாமல் ஒரே இடத்தில் நிற்பது வேறு விஷயம். தமிழ்நாட்டில் கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் சட்டத்தையே திருத்தினார்கள், நாள் முழுக்க நிற்பது உடம்பை என்ன செய்யும் என்பது தெரிந்துதான். வீட்டில் தைப்பவருக்கு அந்த இருக்கையை அவரே போட்டுக்கொள்ள வேண்டும். அரை மணி, முக்கால் மணி நின்று தைத்ததும் கொக்கி, ஹெம்மிங், ஆரி போன்ற கைவேலையை உட்கார்ந்து செய்யுங்கள். உயரமான ஸ்டூல் ஒன்று மேசைப் பக்கத்திலேயே இருந்தால் பாதி உட்கார்ந்து பாதி நின்றும் தைக்கலாம்.

காலில் நரம்பு சுருண்டு புடைத்திருப்பவர்களும் கர்ப்பிணிகளும் நீண்ட நேரம் நிற்பதற்கு முன் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். ஒரே ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி வலித்தால் மேட் மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

தைக்கும்போது நன்றாக இருக்கிறது, வெட்டும்போது வலிக்கிறது

தையல் கடைகளில் கட்டிங் மாஸ்டர் எப்போதும் நின்றுதான் வெட்டுகிறார், அவர் மேசை இடுப்பு உயரத்துக்கு வருவதைப் பார்த்திருப்பீர்கள். வீட்டில் தரையில் விரித்து வெட்டிப் பழகியவர்கள் மெஷினை உயர்த்திவிட்டு வெட்டுவதைத் தரையிலேயே விட்டுவிடுகிறார்கள், இடுப்பு எப்படிச் சரியாகும்? முழங்கைக்கு மூன்று நான்கு அங்குலம் கீழே ஒரு பலகை வெட்ட வசதியாக இருக்கும். ஐந்தடி ஓரங்குலக்காரருக்கு 34, 35 அங்குலம், அதாவது போர்ட்டபிள் வைக்கும் மேசையைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். ஒரே மேசையில் இரண்டையும் செய்தாலும் பெரிய பாதகமில்லை. அகலம் இரண்டரை அடியைத் தாண்டினால் எதிர்ப்பக்கம் எட்டாது, தாண்ட வேண்டும் என்றால் இரண்டு பக்கமும் நடக்க இடம் விடுங்கள்.

அயர்ன் பண்ணுவதற்கு இன்னும் கீழே இறக்குங்கள். அழுத்தம் தோளிலிருந்து வராமல் உடம்பின் எடையிலிருந்து வர வேண்டும்.

வீட்டில் இரண்டு பேர் தைக்கிறார்கள்

மாமியார் ஐந்தடிக்குக் கீழே, மருமகள் ஐந்தரை அடி என்றால் மேசையை உயரமானவருக்கு அமைத்துவிட்டு மற்றவருக்குப் பலகை போடுங்கள். மறுபக்கம் செய்தால் உயரமானவர் குனிந்தே தைக்க வேண்டிவரும், குனிவதற்கு மாற்றுப் பலகை கிடையாது. இருவருடைய முழங்கை அளவுக்கும் இருக்கும் வித்தியாசம்தான் பலகையின் உயரம். பெடல் பள்ளத்தைப் பலகையிலும் தனியாக வெட்டிவிடுங்கள், ஆள் மாறும்போது பெடலைத் தூக்கி அதில் வைத்தால் போதும். வயரின் நீளம் எட்டுகிறதா என்று மட்டும் வெட்டுவதற்கு முன் ஒருமுறை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.